இரண்டு மைலும் பத்து அடியும்

ஆரியங்கோட்டில் ஒரு காலத்தில் ஸ்பீக்கரின் தரத்தை ஊர்ப்பெயரால் சொன்னார்கள். "கீழாறூர் வரைக்கும் கேக்கும்" என்றால் சுமாரான செட்டு. "ஒற்றசேகரமங்கலத்திலே நின்னாலும் வார்த்தை வார்த்தையாப் புரியும்" என்றால் அடுத்த வருடத் திருவிழாவுக்கும் அதே மைக் செட்காரருக்கு முன்பணம் போய்விடும். இன்று அதே ஊரில், ரப்பர் தோட்டத்தின் நடுவே எழும்பியிருக்கும் கான்கிரீட் வீட்டுக்குள் ஆளுயரப் பெட்டிகள் இரண்டை நிறுத்துகிறார்கள். பத்தடி தள்ளி ஒரு நாற்காலி. பாடகி பல்லவி எடுப்பதற்கு முன் இழுக்கும் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறார்கள். எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி போய், எவ்வளவு நுணுக்கம் வரும் என்ற கேள்வி வந்திருக்கிறது. இந்த மாற்றத்தில் ஸ்பீக்கரின் பங்கு பாதிதான். மீதிப் பாதி வீட்டின் பங்கு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: நெய்யாற்றங்கரைக்குக் கிழக்கே, நெய்யாற்றை ஒட்டிய மேடும் பள்ளமுமான நிலம். பாறசாலை சட்டமன்றத் தொகுதியில் வரும் ஊராட்சி. வெள்ளறடை, பனச்சமூடு தாண்டினால் விளவங்கோடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. நிலத்துக்கு எல்லை போட்டார்கள், பாட்டுக்குப் போட முடியவில்லை. இந்தப் பக்கத்து அம்மன் கோவிலில் மலையாளத்தில் அறிவிப்பு முடிந்த கையோடு சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம்.சௌந்தரராஜனும் பாடுவார்கள். வெள்ளறடை குருசுமலைத் திருவிழாவுக்கு இரண்டு மாநில ஜனமும் ஏறும், இரண்டு மொழியிலும் ஜெபம் ஒலிக்கும்.

அதையெல்லாம் சுமந்தது தென்னை மரத்தில் வாய் விரித்துக் கட்டிய கோளாம்பிக் குழாய். அது ஏன் அவ்வளவு தூரம் கேட்டது என்பதில் நல்ல பௌதிகம் இருக்கிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் ஏறக்குறைய 1 சதவீதத்தைத்தான் ஒலியாக்கும், மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும். குழாயின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னத் தகடோ காற்றை ஒரு குறுகலான வழியில் நெருக்கித் தள்ளுகிறது. குழாய் படிப்படியாக விரிந்து அந்த அழுத்தத்தை வெளிக்காற்றோடு இணைக்கிறது. அதனால் 10 சதவீதத்துக்கும் மேல் ஒலியாகக் கிடைக்கும். பாட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டே ஒரு மலைச்சரிவை நிரப்ப முடிந்தது இதனால்தான்.

விலையும் இருந்தது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். அதை முழுசாக வெளியே விட வேண்டுமானால் குழாயின் வாய் இதைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே கோளாம்பியில் மனிதக் குரலின் நடுப்பகுதி மட்டுமே வந்தது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. நாதஸ்வரம் நன்றாக வரும், தவிலில் பாதி காணாமல் போகும். ஊர் அதைக் குறையாக நினைக்கவில்லை. குரல் வந்ததே, சொல் புரிந்ததே!

அன்றும் ஒப்பீடு உண்டு, இன்றைக்கு இருப்பதைவிட மூர்க்கமாக. அடுத்தடுத்த குன்றுகளில் ஒரே நாளில் கோவில் கொடையும் மாதா கோவில் திருவிழாவும் வந்துவிட்டால் இரண்டு செட்டுகளும் மோதும். நடுவில் இருக்கும் வயலில் நின்று யாருடையது மேலே நிற்கிறது என்று ஆட்கள் தீர்ப்புச் சொல்வார்கள். படிக்கிற பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் கிழவர்களும் என்ன பாடுபட்டார்கள் என்பதை யாரும் கேட்டதில்லை. ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. பழையதெல்லாம் பொன் என்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில் ஒத்துப்போகாது. அந்தச் சட்டம் வந்தது நல்லதுக்குத்தான்.

வீட்டுக்குள் ஒலி வந்தது ரேடியோ வழியாக. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி 1943-ல் தொடங்கியது, 1950-ல் ஆல் இந்தியா ரேடியோவோடு சேர்ந்தது. தமிழ் கேட்க வேண்டுமென்றால் இலங்கை வானொலி. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் நெய்யாற்றங்கரை டீக்கடைகளில் வீட்டு ஆட்களின் குரல்போலப் பழகியிருந்தன. பிறகு திருநெல்வேலி நிலையம். 1984-ல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டி வைத்துக்கொண்ட அந்த வால்வு ரேடியோவுக்குள் இருந்தது ஒரே ஒரு காகிதக் கூம்பு ஸ்பீக்கர். முதுகுப்பக்கம் திறந்த மரப்பெட்டி. ஆழமான சத்தமும் கிடையாது, உச்சத்து மினுக்கும் கிடையாது. ஆனால் குரல் இருந்த இடத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925-ல் விவரித்த அசையும் சுருள் ஸ்பீக்கர்தான் அதுவும். இன்று பல லட்சம் விலைக்கு விற்கும் ஆளுயர டவர் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் தரும் வூஃபரும் அடிப்படையில் அதே குடும்பம்.

இந்த எல்லைப்புறக் காதுகளை வெறும் சினிமாப் பாட்டுக் காதுகள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாறசாலை பி.பொன்னம்மாள் 1924-ல் பிறந்தது இங்கேதான். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்த முதல் பெண்களில் ஒருவர், பிறகு அங்கேயே ஆசிரியர். பெண்கள் பாட அனுமதி இல்லாதிருந்த திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் 2006-ல் முதன்முதலாகப் பாடிய பெண் அவர். அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2021-ல் மறைந்தார். நெய்யாற்றங்கரை வாசுதேவன் திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றியவர், 2004-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2008-ல் காலமானார். இருவரின் பாட்டும் நிதானமானது, அலங்காரத்தைக் கொட்டி நிரப்பாதது. இப்படிப்பட்ட குரலுக்கு எந்த ஸ்பீக்கர் நியாயம் செய்யும் என்பதே இந்த ஊர் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம்.

அந்தக் கேள்வி எழுவதற்கு முன் வளைகுடாப் பணம் வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மஸ்கட்டிலும் துபாயிலும் இருந்து வந்த பெட்டிகளில் பாதி டேப் ரெக்கார்டர். டூ இன் ஒன் வாங்காத வீடு ஏழை வீடு. 1980-ல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணியைத் தொடங்கினார், ஸ்டீரியோ கேசட்டுகள் கடைகளில் அடுக்கப்பட்டன. இடது வலது என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பாட்டு வரும் என்பதே அப்போது ஒரு வித்தை. அடுத்தது அசெம்பிள் செட் காலம். ஊர்த் தச்சன் பிளைவுட்டில் அடித்த பெட்டி, 12 அங்குல வூஃபர், மேலே பளபளக்கும் ட்வீட்டர். தனியார் பஸ்ஸிலும் இதுவே, கல்யாண வீட்டிலும் இதுவே.

அந்தக் காலத்தின் பெரிய மோசடி பி.எம்.பி.ஓ. என்ற நாலெழுத்து. 20 வாட்கூடத் தொடர்ந்து தராத செட்டின் அட்டைப்பெட்டியில் 2000 வாட் என்று அச்சடித்திருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் வரக்கூடும் என்று கற்பனை செய்த உச்சத்தை எல்லாக் கூம்புகளுக்கும் கூட்டிப் போட்ட கணக்கு அது. இரண்டு மைல் கேட்கும் என்று மைக் செட்காரர் சொன்னதை வயலில் நின்று சோதிக்க முடிந்தது. 2000 வாட்டை எங்கே நின்று சோதிப்பது?

இன்னொரு எதிரி இந்த மண்ணின் ஈரம். எடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்ற வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் வருடத்தில் பாதி நாள் காற்று நனைந்துதான் இருக்கும். வூஃபரின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். காகிதக் கூம்பில் பூஞ்சணம் படரும். ரப்பர் வளையம் வைத்தவை தாக்குப்பிடிக்கும். சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கும் ஊரில் ஃபோம் வளையத்தை நம்பி ஏமாந்தது ஒரு வேடிக்கைதான். ஐப்பசி இடி வேறு. சாயங்காலம் வானம் கறுத்தால் இங்கே ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்குவது விளக்கேற்றுவதுபோல ஒரு நித்தியக் கடமை. ஊரில் யாராவது பெரிய செட்டு வாங்கப்போகிறேன் என்றால், பிராண்டைக் கேட்பதற்கு முன்னால் எர்த் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். பழைய வீடு ஓட்டுக்கூரை, மரப்பலகை மச்சு, வெட்டுகல் சுவர், எப்போதும் திறந்திருக்கும் கதவு. ஒலி ஓட்டின் இடுக்கு வழியாகவும் சன்னல் வழியாகவும் வெளியே போய்விடும். மரப்பலகை கொஞ்சம் அதிர்ந்து அடிச்சத்தத்தைத் தானே தின்றுவிடும். நெல் மூட்டை, பாய், துணி என்று உள்ளே கிடப்பதெல்லாம் ஒலியை விழுங்கும். ரேடியோ அவ்வளவு தெளிவாகக் கேட்டதில் ரேடியோவின் பெருமை மட்டுமில்லை, வீட்டின் பெருமையும் இருக்கிறது. ஒலியியல் பொறியாளர் காசு வாங்கிக்கொண்டு செய்யும் காரியத்தில் பாதியை அந்த வீடு சும்மா செய்து கொடுத்தது.

இன்றைய வீடு கான்கிரீட் கூரை, சிமென்ட் பூசிய சுவர், கண்ணாடிபோல மின்னும் விட்ரிஃபைட் டைல் தரை, அடைத்த அலுமினியச் சன்னல். 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்று ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். சாமான் எதுவும் இல்லாதபோது, ஹார்வர்டின் வாலஸ் சபைன் நூறாண்டுக்கும் முன்பே கண்ட சூத்திரப்படி பார்த்தால் கைதட்டிய ஒலி முழுதும் அடங்க 3 வினாடிக்கு மேலேயே ஆகலாம். நல்ல இசை அறைக்கு அரை வினாடிக்குக் கீழே வேண்டும். அடிச்சத்தத்தின் கதை இன்னும் மோசம். 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸிலும் 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து முழங்கும். அவற்றின் இரட்டிப்பான 80, 94 ஹெர்ட்ஸில் மறுபடியும். மிருதங்கத்தின் தொப்பி பேசும் இடம் அதன் அருகில்தான். விலை என்னவானாலும், எந்த நாட்டுப் பெட்டியானாலும், இந்த முழக்கத்தைத் தானாகத் தவிர்க்க முடியாது. அறை சதுரமாக இருந்தால் இரண்டு முழக்கமும் ஒரே இடத்தில் விழும். 12-க்கு 12 அறையை இசைக்கென்று ஒதுக்குவதைவிட அதைச் சாமான் அறையாக வைத்துக்கொள்வது மேல்.

வளைகுடாவில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவரின் இப்படிப்பட்ட அறையில் இரண்டு ஜோடி டவர் ஸ்பீக்கர்களை ஒப்பிட்டுக் கேட்டோம். ஒன்று ஐரோப்பிய வகை: ஒலியை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளும் டிரைவர்கள், அதாவது தனித்தனிக் கூம்புகள், கனமான பெட்டி, பெரிய ஆம்ப்ளிஃபயரைக் கேட்கும். மற்றது ஒரே அகலவீச்சு டிரைவர் கொண்டது, சில வாட் தரும் வால்வு ஆம்ப்ளிஃபயரே போதும். இரண்டுக்கும் உணர்திறனில் 12 டெசிபல் வித்தியாசம். அதாவது ஒரே சத்தம் வர முதல் ஜோடிக்கு 16 மடங்கு மின்திறன் வேண்டும். சத்தத்தைச் சமன் செய்யாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்லது என்று மனசு சொல்லிவிடும். அதனால் நாற்காலி இருந்த இடத்தில் மீட்டர் வைத்து, இரைச்சல் ஒலியை ஓடவிட்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு முன்னால் ஒரு மெல்லிய வேட்டியைத் தொங்கவிட்டோம்.

வேட்டி விளையாட்டுக்கில்லை. ஃபிளாய்ட் டூல் என்ற ஆய்வாளர் முதலில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் இதையே சோதித்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்களின் மதிப்பெண்ணும் திரைக்குப் பின்னால் கேட்டவர்களின் மதிப்பெண்ணும் வேறாக இருந்தன. பெயரும் பருமனும் விலையும் காதுக்குள் நுழைந்துவிடுகின்றன. ஹார்மன் ஆய்வுக்கூடத்தில் ஸ்பீக்கர்களைச் சில வினாடிகளில் ஒரே இடத்துக்கு நகர்த்தும் இயந்திரமே வைத்திருக்கிறார்கள், இடம் மாறினாலும் ஒலி மாறும் என்பதால். நம் வீட்டில் இயந்திரம் ஏது, இரண்டு இளவட்டங்கள் தூக்கி வைத்தார்கள்.

கேட்டது என்ன? அகலவீச்சு ஜோடியில் பெண் குரல் முன்னால் வந்து நின்றது. தம்பூராவின் ரீங்காரம் குரலைச் சுற்றிப் பிரியாமல் இருந்தது. ஒலியைப் பங்கு பிரிக்கும் கிராஸ்ஓவர் இல்லாததன் லாபம் அது. நாதஸ்வரமும் தவிலும் வந்தபோது மூன்று வழிப் பெட்டி வென்றது, தவிலின் இடந்தலை வயிற்றில் தட்டியது. ஆனால் அன்று மிகப் பெரிய வித்தியாசம் ஸ்பீக்கரை மாற்றியபோது வரவில்லை. பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, பக்கச் சுவர்களில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சாத்தி, டைல் தரையில் ஜமக்காளம் விரித்தபோதுதான் வந்தது. இரண்டு ஜோடியும் வேறு ஜோடிகளாயின. முன்னே முழங்கிக் குழம்பிய தொப்பி தனித்தனி அடியாகப் பிரிந்து வந்தது. பல லட்சத்தின் வித்தியாசத்தை இரண்டு மெத்தை விழுங்கிவிட்டது என்று நண்பர் முகம் சுளித்தார், அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

ஒற்றை டிரைவர் கூட்டத்துக்கு கேரளத்திலேயே ஒரு முகவரி உண்டு. கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் ரெத்ம் என்ற பெயரில் தரையில் நிற்கும் ஸ்பீக்கர்கள் செய்கிறார். சாதனா, மார்கா, திருஷ்ணா என்று மாடல்களின் பெயர்கள். தொடக்கத்தில் இங்கிலாந்தின் லோதர் டிரைவரை வைத்துச் செய்து, பிறகு சொந்த டிரைவருக்கு மாறினார். ஆழத்துக்குத் தனி வூஃபரும் அதற்குப் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் வைத்தார். ஸ்பீக்கர் என்றால் இங்கிலாந்து வொர்திங்கில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டென்மார்க்கில் டைனாடியோ என்றே பேசிப் பழகியவர்களுக்கு, நெய்யாற்றங்கரையிலிருந்து ரயிலில் அரை நாளில் போய்ச் சேரும் ஊரில் இது நடக்கிறது என்பது ஆச்சரியமாக இருக்கும். கொல்கத்தாவின் சோனோடைன் 1970-லிருந்தே ஒலிப்பெட்டி செய்துவருகிறது என்பதும் பலருக்கு நினைவில்லை.

இந்தப் பெட்டிகளின் பின்னாலோ அடியிலோ இருக்கும் வட்ட ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே அடைபட்ட காற்றும் ஓட்டையில் நிற்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஊசலாடி, வூஃபர் தனியாகத் தர முடியாத சத்தத்தைத் தருகின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கணக்காக எழுதினார். இந்த எல்லைப்புறத்தின் வில்லுப்பாட்டுக்காரர்கள் கணக்கு எழுதாமலே மண்குடத்தின் வாயைத் தட்டி அதே காரியத்தைச் செய்தார்கள். மைக் இல்லாத ராத்திரியில் கோவில் முற்றத்தின் கடைசி வரிசை வரை அந்த அடிநாதம் போனது. டவர் ஸ்பீக்கரின் ஓட்டையைப் பழந்துணியால் பாதி அடைத்தால் முழக்கம் குறையும் என்பதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை, குடத்தின் வாயைக் கை எவ்வளவு மூடினால் ஒலி எப்படி மாறும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

போனது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கோளாம்பி யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் பாடியது. ரேடியோவைச் சுற்றி ஒரு வீடு உட்கார்ந்தது, வாசகசாலை ரேடியோவைச் சுற்றி ஒரு தெரு. டவர் ஸ்பீக்கர் அறையில் இரண்டு பெட்டிக்கும் சமதூரத்தில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். பக்கத்தில் உட்காருபவருக்குக் குரல் நடுவில் நிற்காது, ஒரு பெட்டிக்குப் போய்விடும். வீட்டில் மற்றவர்கள் பக்கத்து அறையில் போனில் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் பொன்னம்மாளின் குரலில் எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நின்று நகர்கிறது என்பதை ஆரியங்கோட்டின் எந்தத் தலைமுறையும் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. மண்டபத்தில் நேரில் உட்கார்ந்தவர்கள் தவிர. எனக்கு இந்த லாபம் அந்த நஷ்டத்தைவிடப் பெரிதாகப்படுகிறது. கூட்டத்தோடு கேட்க வேண்டுமென்று தோன்றினால் கச்சேரிக்குப் போகலாம், அது இன்னும் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். கடையின் மெத்தை போட்ட, ஏசி அறையில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள், அந்த அறை உங்களோடு வராது. பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கை முதலில் அறைக்கு ஒதுக்குங்கள். கனத்த திரை, புத்தக அலமாரி, பஞ்சுப் பலகை, எர்த், ஸ்டெபிலைசர் எல்லாம் அதில் அடங்கும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டோடு போங்கள், கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். கடைசியில் பெட்டியை உங்கள் வீட்டில் ஒரு வாரம் வைத்துக் கேட்க விடுவீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.